மனவரைபடம், கருத்து வரைபடம்: வரைந்தால் படித்ததாகிவிடுமா?

மனவரைபடமும் கருத்து வரைபடமும் ஒன்றா, வேறா என்று, எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியரான நீங்கள் உங்கள் கேள்வியைத் தொடங்கியிருக்கிறீர்கள். உண்மையில் உங்களை உறுத்துவது அதற்கு அடுத்த இரண்டு வரிகள். எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு அறிவியல் பாடம் முடிந்ததும் பிள்ளைகள் ஒரு முழுப் பாடவேளை உட்கார்ந்து வண்ணப் பென்சிலில் வரைபடம் வரைகிறார்கள். நன்றாக வந்ததைச் சுவரில் ஒட்டுகிறீர்கள். பத்து நாள் கழித்து அதே பாடத்திலிருந்து "ஏன்" என்று ஒரு கேள்வி கேட்டால் வகுப்பே பேசாமல் இருக்கிறது. அப்படியானால் செலவழித்த நேரம் வீண்தானா என்பதுதான் நீங்கள் கேட்பது. வீணாவதும் உண்டு, நல்ல பலன் தருவதும் உண்டு. எது நடக்கும் என்பதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இரண்டு: கட்டங்களை இணைக்கும் கோட்டின் மேல் பிள்ளை ஏதாவது எழுதியிருக்கிறதா, வரையும்போது புத்தகம் திறந்திருந்ததா மூடியிருந்ததா. நிறம், படம், எழுத்தழகு எல்லாம் இவற்றுக்கு வெகு பின்னால்தான்.

முதலில் வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். மனவரைபடத்தைப் பரப்பியவர் இங்கிலாந்தின் டோனி புசான். 1974-இல் பிபிசி தொலைக்காட்சியில் வந்த அவருடைய நிகழ்ச்சி வழியாகத்தான் அது பொதுமக்களிடம் போய்ச் சேர்ந்தது. தாளின் நடுவில் ஒரு தலைப்பு, அதிலிருந்து நாற்புறமும் கிளைகள், கிளையிலிருந்து சிறு கிளைகள், ஒவ்வொரு கிளையிலும் ஒரே ஒரு சொல். கிளைக்கும் தலைப்புக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்பதை மட்டும் அது காட்டும். என்ன தொடர்பு என்று சொல்லாது. கருத்து வரைபடம் வேறு தேவையிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவக்கின் குழு, ஒரே பிள்ளைகளைத் தொடக்க வகுப்பிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நேர்காணல் செய்து, அவர்களுடைய அறிவியல் புரிதல் எப்படி மாறுகிறது என்று பார்த்துவந்தது. குவிந்துபோன நேர்காணல்களிலிருந்து அந்த மாற்றத்தைக் கண்டெடுக்க ஒரு வழி தேவைப்பட்டது. 1972-இல் அதற்காக உருவானதுதான் கருத்து வரைபடம். பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதுதான் அடுத்து அது எதைக் கற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது என்ற கல்வி உளவியலாளர் டேவிட் ஆசுபெல்லின் கொள்கை அதற்கு அடிப்படை. ஆக, பிள்ளையின் தலைக்குள் இருக்கும் புரிதலை வெளியே எடுத்துப் பார்க்கும் கருவியாகத்தான் அது தொடங்கியது. சுவரில் ஒட்டும் அலங்காரமாக அதை யாரும் நினைக்கவில்லை. ஒரு கட்டத்தில் ஒரு கருத்து, இன்னொரு கட்டத்தில் இன்னொரு கருத்து, நடுவே அம்புக்குறி, அதன் மேல் அந்த உறவைச் சொல்லும் சொற்கள். மூன்றையும் சேர்த்து வாசித்தால் ஒரு முழு வாக்கியம் கிடைக்க வேண்டும். அந்த வாக்கியம் சரியா, தவறா என்று சொல்ல முடிய வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் எல்லாம் இருக்கிறது. ஒளிச்சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். நடுவில் "ஒளிச்சேர்க்கை" என்று எழுதி, "வேர்" என்று ஒரு கிளை இழுத்து, அதில் "நீர்", "மண்", "உணவு" என்று மூன்று சிறு கிளைகள் போட்டால் மனவரைபடத்தில் அது சரியாகத்தான் தெரியும். நீங்களும் சரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். அதே பிள்ளையை அம்புக்குறியின் மேல் எழுதச் சொல்லுங்கள். "வேர், உறிஞ்சுவது, உணவு" என்று எழுதும். மரம் தன் உணவை மண்ணிலிருந்துதான் எடுக்கிறது என்று அது இன்னமும் நம்பிக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரியவரும். இது அரிய தவறு இல்லை. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைத் தடுமாறாமல் சொல்லும் பிள்ளைகளிடமும் இருக்கும். பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசித்தல் என்று இரண்டையும் தவறாக வேளை பிரித்துவைத்திருப்பதும் அப்படித்தான். இரண்டு தனித்தனிக் கிளையாக வரைந்தால் அது வெளியே தெரியாது. "குளுக்கோஸ்" கட்டத்திலிருந்து "சுவாசித்தல்" கட்டத்துக்கு ஒரு அம்புக்குறி இழுத்து அதன் மேல் என்ன எழுதுவாய் என்று கேட்டால் உடனே தெரிந்துவிடும்.

இங்கே தமிழில் வரைகிறவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். பயிற்சிக் கையேடுகளில் இதைப் பார்ப்பது அரிது, ஆனால் பிள்ளைகள் அம்புக்குறியை வெறுமையாக விடுவதற்குப் பெரிய காரணம் இதுதான். ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் வினை வரும். அதைக் கோட்டின் மேல் வைத்தால் வாக்கியம் தானாக அமைந்துவிடும். நமக்கு வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். "பச்சையம்" ஒரு கட்டம், "ஒளி ஆற்றல்" ஒரு கட்டம், நடுவில் "உறிஞ்சுகிறது" என்று எழுதினால், வாசிக்கும்போது எது எதை உறிஞ்சுகிறது என்று தடுமாறும். ஐ உருபை எங்கே வைப்பது என்று பிள்ளைக்கும் தெரியாமல் போகும். "உறிஞ்சுகிறது" என்பதை "உறிஞ்சுவது" என்று மாற்றிப் பாருங்கள்: பச்சையம் உறிஞ்சுவது ஒளி ஆற்றல். எந்தக் கட்டத்திலும் உருபு சேர்க்காமலே நல்ல தமிழ் வாக்கியம் கிடைக்கிறது. இந்த வடிவத்தில் சில தொடர்களைக் கரும்பலகையின் ஓரத்தில் நிரந்தரமாக எழுதிவைத்துவிடுங்கள்: வெளியிடுவது, இதற்குத் தேவையானது, இதனுள் இருப்பது, இது நடைபெறும் இடம், இதிலிருந்து கிடைப்பது, இதனால் ஏற்படுவது, இதற்குக் காரணம், இதன் ஒரு வகை. ஒரே ஓர் எச்சரிக்கை. "ஒளிச்சேர்க்கை, வெளியிடுவது, ஆக்சிஜன்" என்பதும் "ஆக்சிஜன், இதை வெளியிடுவது, ஒளிச்சேர்க்கை" என்பதும் ஒரே உண்மைதான், ஆனால் அம்புக்குறியின் திசை எதிரெதிர். "இதை" என்ற ஒரு சொல் சேர்ந்ததும் அம்பின் முனை மாறிவிடுகிறது. திசை தப்பினால் உண்மையும் தப்பாகிவிடும் என்பதால், எழுதியதும் அம்பு போகும் வழியிலேயே விரலை வைத்து ஒருமுறை வாய்விட்டு வாசிக்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திவிட வேண்டும்.

வகுப்பில் செய்ய வேண்டியதை நாற்பது நிமிடப் பாடவேளை, நாற்பது பிள்ளைகள் என்று கணக்கு வைத்துச் சொல்கிறேன். தலைப்பைக் கொடுக்காதீர்கள், ஒரு கேள்வியைக் கொடுங்கள். "ஒளிச்சேர்க்கை" என்று கொடுத்தால் தெரிந்ததையெல்லாம் கொட்டுவார்கள். "இலை தன் உணவை எதிலிருந்து, எப்படித் தயாரிக்கிறது?" என்று கொடுத்தால் எது வேண்டும், எது வேண்டாம் என்று அவர்களே பிரிப்பார்கள். கேள்விக்குக் கீழே பன்னிரண்டு சொற்களை எழுதுங்கள்: ஒளிச்சேர்க்கை, இலை, இலைத்துளை, பசுங்கணிகம், பச்சையம், ஒளி ஆற்றல், வேர், நீர், கார்பன் டை ஆக்சைடு, குளுக்கோஸ், ஸ்டார்ச், ஆக்சிஜன். நோவக் பொதுவாகச் சொல்வது பதினைந்து முதல் இருபத்தைந்து கருத்துகள், ஆனால் எட்டாம் வகுப்புக்கு ஒரு பாடவேளையில் பன்னிரண்டே நிறைய. இதற்கு மூன்று நிமிடம். பிறகு நான்கு பேராக உட்காரவைத்து, ஆளுக்கு மூன்று துண்டுச் சீட்டு கொடுத்து ஒரு சீட்டில் ஒரு சொல் எழுதச் சொல்லுங்கள். அவற்றைச் சார்ட் தாளில் நகர்த்தி நகர்த்தி அடுக்க எட்டு நிமிடம். பொதுவான கருத்து மேலே, குறிப்பானவை கீழே என்பது தொடக்கத்துக்கு நல்ல விதி. பசையை இப்போது எடுக்கவே விடாதீர்கள். ஒட்டிவிட்டால் பிறகு இடம் தவறு என்று தெரிந்தாலும் மாற்ற மாட்டார்கள். அடுத்த பன்னிரண்டு நிமிடம் பென்சிலால் அம்புக்குறி போட்டு அதன் மேல் எழுதுவதற்கு. பாடவேளையின் உயிர் இந்தப் பன்னிரண்டு நிமிடம்தான், இதைக் குறைக்காதீர்கள். பிறகு தாளைப் பக்கத்துக் குழுவுக்கு மாற்றிக் கொடுத்து ஏழு நிமிடம்: ஒவ்வோர் அம்பையும் முழு வாக்கியமாக வாய்விட்டு வாசித்து, சந்தேகம் வந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட வேண்டும், திருத்தக் கூடாது. அந்தக் கேள்விக்குறிகளில் இரண்டை மட்டும் நீங்கள் கரும்பலகைக்குக் கொண்டுவந்து ஐந்து நிமிடம் பேசுங்கள். கடைசி ஐந்து நிமிடம் எல்லாத் தாளையும் கவிழ்த்துவைத்து, ஒவ்வொருவரும் தன் நோட்டில் நினைவிலிருந்து ஐந்து அம்புகளையாவது வரைய வேண்டும்.

முதல் தடவையே இப்படி நடக்காது. பன்னிரண்டு சொல்லும் ஒரே வரிசையில் ரயில் பெட்டிகள் போல நிற்கும், அல்லது எல்லாம் "ஒளிச்சேர்க்கை"யோடு மட்டும் இணைந்திருக்கும். வரிசையாக நின்றால் பிள்ளை பாடத்தைப் புத்தகத்தின் வரிசையிலேயே வைத்திருக்கிறது என்று பொருள். நடுவில் ஒன்றை எடுத்தால் அதற்குப் பின்னால் உள்ளதைச் சொல்லத் தெரியாது. எல்லாம் நடுவோடு மட்டும் இணைந்திருந்தால் துணுக்குகள் தெரியும், அவற்றுக்குள் உள்ள உறவு தெரியாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: தூரமாக நிற்கும் இரண்டு கட்டங்களைக் காட்டி "இதற்கும் அதற்கும் ஏதாவது சொல்ல முடியுமா?" என்று கேட்பது. இலைத்துளைக்கும் ஆக்சிஜனுக்கும், வேருக்கும் குளுக்கோஸுக்கும் என்று கேளுங்கள். இப்படிக் குறுக்கே போகும் இணைப்புகள்தான் ஒரு வரைபடத்தில் மிக மதிப்புள்ளவை. அவை புத்தகத்தில் ஒரே வரியில் எழுதியிருக்காது, பிள்ளை யோசித்தால்தான் வரும்.

அடுத்து வரும் குறை, எல்லா அம்பிலும் "உள்ளது", "தொடர்புடையது" என்று எழுதிவிடுவது. இந்த இரண்டு சொல்லையும் தடை செய்துவிடுங்கள். கட்டத்துக்குள் முழு வாக்கியத்தையே எழுதிவிடுவதும் நடக்கும். கட்டத்தில் இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது என்று சொன்னால் மீதி தானாக அம்புக்கு வந்துவிடும். குழுவில் கையெழுத்து நன்றாக உள்ள ஒருவர் எழுத மற்ற மூவர் வேடிக்கை பார்ப்பதைத் தவிர்க்க, நால்வருக்கும் நான்கு நிறப் பென்சில் கொடுத்து, ஒவ்வொரு நிறத்திலும் குறைந்தது மூன்று அம்பு இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். வண்ணத்துக்கு உண்மையான பயன் அங்கேதான். ஆனால் எல்லாவற்றிலும் பெரிய தவறு நம்முடையது. நாமே கரும்பலகையில் முழு வரைபடத்தையும் அழகாக வரைந்து, பிள்ளைகளை நோட்டில் பார்த்து எழுதச் சொல்வது. அந்த வரைபடத்துக்கான சிந்தனை முழுக்க ஆசிரியருடையது, பிள்ளைக்குக் கிடைப்பது மனப்பாடம் செய்ய இன்னொரு படம். தொடங்குவதற்கு உதவி வேண்டுமென்றால் ஐந்தாறு கட்டங்களும் சில அம்புகளும் மட்டும் உள்ள ஓர் எலும்புக்கூட்டை வரைந்து கொடுத்து, மீதிச் சொற்களை அவர்கள் பொருத்தட்டும். இன்னும் எளிதாக வேண்டுமென்றால் முழு வரைபடத்தில் அம்பின் மேல் உள்ள சொற்களில் மூன்றில் ஒரு பங்கை அழித்துக் கொடுங்கள்.

இப்போது புத்தகம் திறந்திருப்பதற்கு வருகிறேன். தமிழ்நாட்டில் படைப்பாற்றல் கல்வி முறை நடைமுறைக்கு வந்தபோது, வாசித்தல், முக்கியச் சொற்களை அடிக்கோடிடுதல், மனவரைபடம், தொகுத்தல் என்ற வரிசை ஆசிரியர்களிடம் நன்கு பழகிவிட்டது. நல்ல வரிசைதான். ஆனால் பல வகுப்புகளில் அடிக்கோடிட்ட சொற்களைத் திறந்த புத்தகத்திலிருந்து கிளைகளுக்கு இடம் மாற்றுவதாக அது சுருங்கிப்போனது. கண்ணிலிருந்து கைக்குப் போகும் அந்த வேலையில் நினைவுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. இதை உறுதியாகச் சொல்லத் தெளிவான ஆய்வு இருக்கிறது. 2011-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி கார்ப்பிக், ஜேனல் பிளன்ட் இருவரும் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களில் ஒரு குழு பாடப்பகுதியைக் கண்முன் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்தது. இன்னொரு குழு படித்துவிட்டு மூடிவைத்து, நினைவில் உள்ளதை எழுதி, மறுபடி படித்து, மறுபடி எழுதியது. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நினைவிலிருந்து எழுதியவர்களே தெளிவாக முந்தினார்கள். நேரடிக் கேள்விகளில் மட்டும் இல்லை, யோசித்துப் பதில் சொல்ல வேண்டியவற்றிலும் முந்தினார்கள். கடைசித் தேர்வே கருத்து வரைபடம் வரைவதாக இருந்தபோதும் அவர்கள்தான் முன்னால் வந்தார்கள். இதைப் படித்துவிட்டுக் கருத்து வரைபடமே உதவாது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. அது அவசர முடிவு. அதே இருவர் 2014-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், பாடப்பகுதியை எடுத்துவிட்டு நினைவிலிருந்தே கருத்து வரைபடம் வரையச் சொன்னபோது, அது நினைவிலிருந்து பத்தியாக எழுதுவதற்குச் சமமான பலனைத் தந்தது. ஆக, பலன் தருவது நினைவிலிருந்து மீட்டெடுப்பது. வரைபடம் அதைச் செய்ய ஒரு நல்ல வடிவம்.

ஆகவே பாடம் முடிந்த அன்றைக்குத் திறந்த புத்தகத்தோடு வரைந்தாலும், இரண்டு நாள் கழித்து வெற்றுத் தாளில், புத்தகமும் பழைய வரைபடமும் இல்லாமல், பத்து நிமிடம் வரையச் சொல்லுங்கள். நீலப் பேனாவில் வரையட்டும். நேரம் முடிந்ததும் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தவறானதையும் சிவப்புப் பேனாவில் அதே தாளில் சேர்க்கட்டும். சிவப்பில் இருப்பதுதான் அந்தப் பிள்ளை இன்னும் படிக்க வேண்டியது, அதற்குத் தனியாகத் தேர்வு வைக்கத் தேவையில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. மூன்றாவது தடவையில் சிவப்பு எங்கே குறையவில்லையோ, அங்கே குழப்பம் பிள்ளையிடம் மட்டும் இருப்பதாக நினைக்காதீர்கள். பாதி வகுப்புக்கு அதே இடத்தில் சிவப்பு வந்தால் நாம் நடத்திய விதத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

இந்தத் துறையில் எது உறுதி, எது சந்தேகம் என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கருத்து வரைபடம் பற்றிய 142 ஒப்பீடுகளை, 11,814 பேருடைய முடிவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. மற்ற வழிகளில் படித்தவர்களைவிட வரைபடம் பயன்படுத்தியவர்கள் சராசரியாக நடுத்தர அளவுக்கு முன்னே இருந்தார்கள். தயார் வரைபடத்தைப் பார்த்துப் படித்தவர்களைவிடத் தாமே வரைந்தவர்களுக்குப் பலன் கூடுதல். இதை நம்பி வகுப்பில் இறங்கலாம். ஆனால் சராசரி என்பது எல்லா வகை ஒப்பீடும் கலந்தது. விரிவுரையை வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும், சுறுசுறுப்பான வேறொரு பயிற்சியோடு ஒப்பிட்டால் சுருங்கும். மனவரைபடத்துக்கு ஆதாரம் இதைவிட மெலிந்தது. 2002-இல் மருத்துவ மாணவர்கள் ஐம்பது பேரிடம் செய்த ஓர் ஆய்வில், ஒரு வாரம் கழித்து மனவரைபடக் குழுவின் நினைவு மற்றக் குழுவைவிடப் பத்து விழுக்காடு அளவுக்கு நன்றாக இருந்தது. ஆனால் தங்கள் பழைய வழியில் படித்தவர்களைவிட அவர்களுக்கு அந்த முறையில் ஆர்வம் குறைவாக இருந்தது. பழகாத முறை பிள்ளைகளுக்கு முதலில் சுமையாகத்தான் தெரியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இடது மூளை, வலது மூளை இரண்டும் சேர்ந்து வேலை செய்வதால்தான் மனவரைபடம் பலன் தருகிறது என்று பயிற்சிகளில் சொல்வார்கள். அந்த விளக்கத்தை விட்டுவிடலாம். மூளையின் ஒரு பாதி தர்க்கத்துக்கு, மறுபாதி கற்பனைக்கு என்று அப்படிப் பிரித்து வேலை செய்வதாக நரம்பியல் சொல்லவில்லை.

மனவரைபடத்தை அதனால் தூக்கிப்போட வேண்டியதில்லை. அதன் இடம் வேறு. யோசனைகளை வேகமாக வெளியே கொட்ட வேண்டிய நேரத்தில் அம்பின் மேல் வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தால் ஓட்டம் தடைப்படும். பாடம் தொடங்கும் முன் "மின்சாரம் என்றதும் உங்களுக்குத் தெரிந்தது என்ன?" என்று கேட்டு ஐந்து நிமிடத்தில் கரும்பலகையில் சேகரிக்க மனவரைபடமே சரி. தமிழ்க் கட்டுரைக்கு இதைவிட நல்ல முன்வேலை கிடையாது. நெகிழி ஒழிப்பு என்று நடுவில் எழுதி, தோன்றுவதையெல்லாம் ஐந்து நிமிடம் கிளையாகப் போட்டு, பிறகு எந்தக் கிளை முதலில், எது அடுத்து என்று எண் போட்டால் குறிப்புச்சட்டகம் தயார். முன்னுரையும் முடிவுரையும் சேர்த்து எழுதத் தொடங்கிவிடலாம். தாளைக் கிடைமட்டமாக வைப்பது, நடுவிலிருந்து ஐந்து முதல் ஏழு முதன்மைக் கிளைக்கு மேல் போகாதது, ஒரு கிளைக்கு ஒரு சொல் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். வண்ணம் இருந்தால் நல்லது, அதற்காகக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டாம்.

உங்கள் "ஏன்" கேள்விக்கு வருகிறேன், நீங்கள் கேட்டதில் மையம் அதுதான். இருட்டில் இரண்டு நாள் வைத்திருந்த செடியின் இலையில் அயோடின் சோதனை செய்தால் ஏன் கருநீலம் வருவதில்லை? இதற்குப் பதில் ஒரு துணுக்கில் இல்லை, மூன்று நான்கு அம்புகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போவதில் இருக்கிறது. கருநீலத்துக்குக் காரணம் ஸ்டார்ச். ஸ்டார்ச் உருவாவது குளுக்கோஸிலிருந்து. குளுக்கோஸ் கிடைப்பது ஒளிச்சேர்க்கையிலிருந்து. ஒளிச்சேர்க்கைக்குத் தேவையானது ஒளி ஆற்றல். ஒளி இல்லை, ஆகவே புதிதாக ஸ்டார்ச் சேரவில்லை. ஏற்கெனவே இருந்ததையும் செடி செலவழித்துவிட்டது. கிளையாக மட்டும் வரைந்த பிள்ளைக்கு இந்த ஐந்து சொல்லும் தெரியும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி தெரியாது. ஆகவே வரைபடம் வரைந்து முடித்ததும் இப்படியான ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து, பதிலுக்கு எந்த அம்புகளின் வழியே போக வேண்டும் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். பிறகு அந்த அம்புகளுக்கு மட்டும் 1, 2, 3 என்று எண்ணிட்டு, அதே வரிசையில் நான்கைந்து வாக்கியமாக நோட்டில் எழுதட்டும். தேர்வில் ஐந்து மதிப்பெண் விடைக்குத் தேவையான வடிவம் அதிலேயே வந்துவிடும். வரைபடத்தோடு நிறுத்திவிட்டு, எழுதுவது தேர்வு அன்று தானாக வரும் என்று எதிர்பார்த்தால் வராது.

மதிப்பெண் போடுவதா என்றும் கேட்டிருந்தீர்கள். நோவக்கும் அவருடைய சக ஆய்வாளர் பாப் கோவினும் 1984-இல் ஒரு முறை தந்தார்கள்: சரியான இணைப்புக்கு 1, படிநிலை ஒவ்வொன்றுக்கும் 5, குறுக்கு இணைப்புக்கு 10, எடுத்துக்காட்டுக்கு 1. ஆய்வுக்கு அது பயன்பட்டது. நம் வகுப்பில் அப்படியே பயன்படுத்தினால் பிள்ளைகள் பத்து மதிப்பெண்ணுக்காகப் பொருளற்ற குறுக்குக் கோடுகளை இழுப்பார்கள். சுழற்சியாக நடக்கும் பாடத்தையும் வலுக்கட்டாயமாக மேல் கீழ் என்று அடுக்கப் பார்ப்பார்கள். எளிதானது, ஒவ்வோர் அம்புக்கும் 0, 1, 2 என்று போடுவது. "வேர், உறிஞ்சுவது, ஸ்டார்ச்" என்றால் 0. "வேர், உதவுவது, ஒளிச்சேர்க்கை" என்பது பொய் இல்லை, ஆனால் எப்படி உதவுகிறது என்று சொல்லவில்லை, 1. "வேர், மண்ணிலிருந்து உறிஞ்சுவது, நீர்" என்றால் 2. பழகிவிட்டால் வேகமாகத் திருத்தலாம். ஆனாலும் அதை ஆண்டு மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. சேர்த்த நாளிலிருந்து பிள்ளைகள் தவறாகிவிடுமோ என்று சந்தேகமான அம்பை வரையவே மாட்டார்கள். நமக்குத் தெரிய வேண்டியதே அந்தச் சந்தேகமான அம்புதான்.

எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்ய வேண்டாம். ஒரு பருவத்தில், கருத்துகள் பின்னிக்கிடக்கும் மூன்று நான்கு பாடங்களுக்குச் செய்தால் போதும். ஒளிச்சேர்க்கை, நீர்ச் சுழற்சி, இரத்த ஓட்டம், வெப்பமும் ஆற்றலும், வரலாற்றில் ஒரு போரின் காரணங்களும் விளைவுகளும் இதற்குப் பொருந்தும். தனிமங்களின் குறியீடுகள், அளவீட்டு அலகுகள் போன்ற பட்டியல் பாடங்களுக்கு அட்டவணையே சிறந்தது. படிப்படியாகச் செய்யும் கணக்குக்கு, கணக்கைப் போட்டுப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை. நான் சொல்வதெல்லாம் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரைக்கும், அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும்தான். தொடக்க வகுப்புகளில் எழுத்து வேகமே இன்னும் கைவராத பிள்ளைகளுக்குப் படங்களை அடுக்கி, உறவை வாயால் சொல்லவைப்பார்கள். அதை அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்பது நல்லது. எட்டாம் வகுப்பிலும் எழுதச் சிரமப்படும் பிள்ளைகள் உங்களிடம் இருப்பார்கள். அவர்களுக்குச் சொற்களையும் இணைப்புத் தொடர்களையும் அச்சிட்ட சீட்டாகவே கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். எழுத முடியாததால் புரியவில்லை என்று நாம் தவறாக முடிவு கட்டுவதை அது தடுக்கும்.

மென்பொருள் பற்றி இரண்டு வரி. கருத்து வரைபடத்துக்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஐஎச்எம்சி நிறுவனம் உருவாக்கிய சீமேப்டூல்ஸ் இலவசம். கோட்டின் மேல் சொல் எழுதவே அது வடிவமைக்கப்பட்டது. இரண்டு கட்டங்களை இணைத்ததும் நடுவில் கேள்விக்குறிகளோடு ஒரு சிறு பெட்டி தோன்றி, இங்கே எழுது என்று கேட்கும். மனவரைபடத்துக்கு ஃப்ரீபிளேன் இலவசம். இரண்டிலும் யுனிகோடில் தட்டெழுதலாம். நீங்கள் பாடம் தயாரிக்கவும், அம்புச் சொற்களை அழித்த வரைபடத்தை அச்சிட்டு எடுக்கவும் இவை உதவும். பிள்ளைகளுக்குப் பென்சிலும் துண்டுச் சீட்டும்தான் நல்லது, கணினியில் தமிழ்த் தட்டச்சோடு போராடுவதிலேயே அவர்களுடைய பாடவேளை போய்விடும். அடுத்த பாடத்தில் முழு வரைபடத்துக்குப் போகாமல், ஏற்கெனவே சுவரில் ஒட்டியிருக்கும் சார்ட்களில் ஒன்றை இறக்கி, அதன் கோடுகளின் மேல் மட்டும் எழுதச் சொல்லித் தொடங்குங்கள். ஒரு பாடவேளைக்கு அதுவே போதுமான வேலை.